பாலக்கோட்டுத் தங்கச்சிக்கு: லெஸ்டரில் வியாபாரக் கணக்கை எங்கே தொடங்குவது?

பாலக்கோட்டிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் போய் ஐந்து மாதமே ஆன தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் வீட்டிலேயே இட்லி மாவு, ராகி மாவு, புளிக்காய்ச்சல் செய்து விற்கலாம் என்று இருக்கிறேன். எந்த பேங்கின் ஆன்லைன் வசதி சின்ன வியாபாரத்துக்கு நல்லது? ஆப் மட்டும் வைத்திருக்கிற கம்பெனிகளில் பத்து நிமிஷத்தில் கணக்கு தருகிறார்களாம், மாதக் கட்டணமும் இல்லையாம். அதிலேயே போய்விடலாமா?"

நான் கவென்ட்ரியில் பதினான்கு வருஷமாக மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். மாங்காய் சீசனுக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் விசாவைச் சார்ந்து உங்களுக்குக் கிடைத்த டிபென்டன்ட் விசாவில் சொந்தத் தொழில் செய்யத் தடையில்லை. உணவு வியாபாரம் என்பதால், தொடங்குவதற்கு 28 நாள் முன்பே கவுன்சிலில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

சரி, கணக்கு விஷயம். பத்து நிமிஷத்தில் திறப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். என்றைக்காவது அந்தக் கணக்கு முடங்கினால், போனை எடுத்துப் பேச அங்கே ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

2019-ல் என் கணக்கு ஒரு ஆப் கம்பெனியில் இருந்தது. ஒரு கல்யாண ஆர்டருக்கு ஒரே நாளில் பெரிய தொகை வந்தது. மறுநாள் அதில் பாதிக்கு மேல் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலமே கணக்கைத் திறந்தால், "உங்கள் கணக்கைப் பரிசீலிக்கிறோம்" என்று ஒரே ஒரு வரி. போன் நம்பர் இல்லை. சாட்டில் கேட்டால் அதே வரி திரும்பி வரும். பதினோரு நாள். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. என்னிடம் வேலை பார்த்த மூன்று பேருக்கும் சம்பளம் கொடுக்க மச்சானிடம் கடன் வாங்கினேன். குழந்தையோடு வந்து நின்ற ஒரு அக்காவிடம் "நாளைக்குத் தருகிறேன்" என்று சொன்ன அந்த நிமிஷம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

அவர்கள் செய்தது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். கணக்கு திறக்கும்போது வருஷ விற்பனை எவ்வளவு, வெளிநாட்டுக்குப் பணம் போகுமா என்று கேட்டிருந்தார்கள். நான் ஏனோதானோ என்று குறைத்துப் போட்டுவிட்டேன், வெளிநாடு "இல்லை" என்றும் போட்டுவிட்டேன். அப்புறம் திடீரென்று பெரிய பணம் வந்து உடனே இந்தியாவுக்குப் போனால் அவர்களின் கம்ப்யூட்டர் சந்தேகப்படத்தான் செய்யும். கறுப்புப் பணச் சட்டப்படி, சில சமயம் ஏன் நிறுத்தினோம் என்று அவர்கள் சொல்லவே கூடாது. அதனால் அந்தக் கேள்விகளுக்கு உண்மையை முழுசாக எழுதுங்கள். ஊரிலிருந்து புளி வரவழைக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் இப்போதே எழுதுங்கள். ஒவ்வொரு பில்லையும் போனிலாவது படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் இன்னொரு பேங்கிலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கட்டும், ஒரு மாதச் செலவுக்குக் காணுகிற பணத்தோடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆப் வைத்திருக்கும் எல்லோரும் பேங்க் இல்லை. ஸ்டார்லிங், மான்சோ இரண்டும் ஆப்பிலேயே நடக்கும், ஆனால் முறையான பேங்க் உரிமம் உள்ளவை. வேறு சில கம்பெனிகளிடம் மின்பண உரிமம், அதாவது பேங்காக இல்லாமல் பணத்தை ஆப்பில் வைத்து அனுப்புவதற்கான உரிமம், மட்டும்தான் இருக்கும். பேங்க் நொடித்துப்போனால் எஃப்எஸ்சிஎஸ் என்ற காப்புத் திட்டம் ஒரு பேங்குக்கு 1,20,000 பவுண்ட் வரை திருப்பித் தரும். 2025 டிசம்பருக்கு முன் அது 85,000 ஆக இருந்தது. மின்பணக் கம்பெனி நொடித்தால் இந்தக் காப்பு வராது. பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு, ஆனால் கைக்கு வர நாளாகும், முழுசாக வருமென்ற உறுதியும் இல்லை. கணக்கு திறக்கும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இது இருக்கும். தேடிப் படியுங்கள்.

இனி பெயர். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நமக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து சர்நேம் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே யாராவது உங்களுக்குப் பணம் அனுப்பும்போது பெயர், பேங்கைக் காட்டும் ஆறு இலக்க சார்ட் கோடு, எட்டு இலக்கக் கணக்கு எண் மூன்றையும் அடிப்பார்கள். பெயர் சேர்கிறதா என்று பேங்க் அங்கேயே சரிபார்க்கும். மாவு வாங்குகிறவர் உங்கள் கடைப் பெயரை அடிக்கிறார், கணக்கோ உங்கள் பாஸ்போர்ட் பெயரில் இருக்கிறது என்றால், "பெயர் பொருந்தவில்லை, மோசடியாக இருக்கலாம்" என்று அவருக்கு எச்சரிக்கை வரும். இந்தச் சரிபார்ப்பு வந்த புதிதில் என் வாடிக்கையாளர் இரண்டு பேர் அதைப் பார்த்துப் பயந்து ஆர்டரையே விட்டுவிட்டார்கள். அதனால், தனி ஆளாகத் தொழில் செய்கிறவருக்குக் கடைப் பெயரையும் கணக்கில் சேர்க்க அந்த பேங்க் விடுமா என்று முதலிலேயே கேளுங்கள். கணக்கில் என்ன பெயர் இருக்கிறதோ, ஒரு எழுத்து மாறாமல் அதையே பில்லில் அச்சடியுங்கள்.

நேற்று கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் மாம்பழம் வாங்கினேன். தள்ளுவண்டிக்காரர் க்யூஆர் அட்டையை நீட்டினார், அவர் பெட்டியே "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொன்னது. லெஸ்டரில் இதை எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஒன்று கார்டு தேய்க்கிற மெஷின், அதில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு பங்கு போய்விடும். இல்லாவிட்டால் பேங்க் டிரான்ஸ்ஃபர், அதுவும் பெரும்பாலும் சில நொடியில் வந்துவிடும். கோயில் வாசலிலோ சந்தையிலோ விற்றால் ரொக்கமும் நிறைய வரும். ரொக்கத்தைப் போஸ்ட் ஆபீஸில் கட்ட முடியுமா, அதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று பாருங்கள். "இலவசக் கணக்கு" என்கிறவர்கள் அதைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஊருக்குப் பணம் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள், அன்றைய ரேட்டையும் அவர்கள் தருகிற ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒளிந்திருக்கும் காசு அந்த வித்தியாசத்தில் இருக்கும். ஒருமுறை கட்டணத்தை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்கிற வகையில் அனுப்பிவிட்டேன். நடுவில் இருந்த பேங்க் தன் பங்கை எடுத்துக்கொண்டது. "பில்லுக்குக் குறையுதுங்களே" என்று ஃபேக்டரிக்காரர் போன் செய்தார். அதிலிருந்து முழுக் கட்டணமும் என் பக்கம் பிடிக்கிற மாதிரியே அனுப்புகிறேன். ஏற்றுமதி செய்கிறவருக்கு அவர் பேங்க்கிலிருந்து பணம் வந்ததற்கான சான்று வேண்டும், அதனால் சொந்தக்காரர் கணக்குக்குப் போட்டு அவர் வழியாகக் கொடுக்கிற வேலையே வேண்டாம்.

வரிக்கும் இந்தக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரைதான் அங்கே வரி வருஷம். அதில் உங்கள் விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வருஷம் முடிந்த பிறகு வருகிற அக்டோபர் 5-க்குள் வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும். 2026 ஏப்ரலிலிருந்து, சுயதொழில், வாடகை வரவு 50,000 பவுண்டைத் தாண்டுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாஃப்ட்வேர் வழியாக வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் இப்போதைக்கு அந்த அளவுக்கு வரமாட்டீர்கள், ஆனால் பேங்க் கணக்கு கணக்கெழுதும் சாஃப்ட்வேரோடு தானாக இணைகிறதா என்று இப்போதே பாருங்கள். வீட்டுச் செலவையும் மாவு வியாபாரத்தையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். நான் முதல் வருஷம் கலந்துவிட்டு, தீபாவளிக்கு வாங்கிய பட்டுப்புடவை எது, அரிசி மூட்டை எது என்று மூன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன்.

எடுத்த பேங்க் பிடிக்கவில்லை என்றாலும் பயமில்லை. கணக்கை ஒரு பேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருகிற திட்டம் ஒன்று அங்கே உண்டு; இரண்டு பேங்கும் அதில் இருந்தால், ஏழு வேலை நாளில் கணக்கையே மாற்றிக் கொடுப்பார்கள். பழைய எண்ணுக்கு வருகிற பணமும் புதியதற்கு வந்து சேரும்.

இன்றைக்கு ராத்திரி ஒரு தாளை எடுத்து, ஒரு மாதத்தில் எத்தனை பேர் கார்டு, எத்தனை பேர் டிரான்ஸ்ஃபர், எவ்வளவு ரொக்கம், ஊருக்கு எத்தனை முறை பணம் போகும் என்று உத்தேசமாக எழுதுங்கள். அதை வைத்து மூன்று பேங்கின் கட்டணப் பட்டியலைக் கூட்டிப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றின் வாடிக்கையாளர் நம்பருக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போன் போட்டு, எத்தனை நிமிஷத்தில் ஆள் எடுக்கிறார் என்று அதே தாளில் குறியுங்கள். தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி. அடுத்த ஞாயிறு வரை ஊரில்தான் இருக்கிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.