இந்தியன் ஆமி கொண்டுபோன அப்பாவை எங்கே பதிவது?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊர். 1987 மார்கழியில் நடந்த சுற்றிவளைப்பில் இந்தியன் ஆமி அப்பாவைக் கொண்டுபோனது. அவர் திரும்பி வரவில்லை. ஓர் அலுவலகத்தில் "அது இந்தியன் ஆமிக் காலம், இங்கே எடுக்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காணி அப்பா பெயரில் இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. இனி எங்கே போவது?

பதில்: உங்களைத் திருப்பி அனுப்பியவர் சொன்னது பிழை. ஆனால் அந்தப் பிழைக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியப் படை 1987 ஜூலை ஒப்பந்தத்தோடு வந்தது, ஒக்டோபரில் சண்டை தொடங்கியது, 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் போனது. காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 1994இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்கள் 1988 ஜனவரி 1க்குப் பிந்திய சம்பவங்களைத்தான் விசாரித்தன. உங்கள் அப்பாவின் சம்பவம் சில வாரங்களால் அந்த வரம்புக்கு வெளியே விழுந்துவிட்டது. 2013இல் வந்த ஆணைக்குழு முதலில் 1990 ஜூன் 10இலிருந்துதான் கணக்கெடுத்தது. 1983 வரை பின்னோக்கி நீட்டியது பிறகுதான். ஒரு வல்லரசின் படை சண்டையிட்ட முதல் மாதங்கள் முதல் திகதிக்கு வெளியேயும், அது நின்ற காலம் முழுவதும் இரண்டாவது திகதிக்கு வெளியேயும் விழுந்தது தற்செயல் என்று நம்ப எனக்குச் சிரமமாக இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அந்த வேலி இல்லை. வடக்கு கிழக்கு மோதலோடு தொடர்பாகக் காணாமற்போனவர்கள் அதன் வரம்புக்குள் வருவார்கள். கொண்டுபோனது எந்த நாட்டுச் சீருடை என்று சட்டம் பிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

விண்ணப்பத்தில் "இனந்தெரியாதோர்" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். "இந்திய அமைதி காக்கும் படை" என்றே எழுதுங்கள். முகாம் எங்கே இருந்தது, பள்ளிக்கூடத்திலா, அரிசி ஆலையிலா? வந்தவர்கள் தலைப்பாகை கட்டிய சீக்கியரா, கூர்க்காக்களா, தமிழ் பேசிய ஆள் இருந்தாரா, முகமூடியோடு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி யாராவது நின்றாரா? இடமும் நாளும் தெரிந்தால் அங்கே எந்தப் படைப்பிரிவு இருந்தது என்று தேட வழி பிறக்கும். நாள் நினைவில்லாவிட்டால் திருவெம்பாவைக்கு முன்னா பின்னா, வயலில் என்ன வேலை நடந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். 2009 இடப்பெயர்வில் பழைய கடிதங்கள் தொலைந்து போயிருக்கும். பரவாயில்லை, அன்று கண்ட அயலவர் இருவரிடம் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி எடுங்கள். அந்த அயலவர்களுக்கும் வயதாகிவிட்டது, ஆகவே முதல் வேலை இதுதான்.

அம்மா மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டியதில்லை. மரணப் பதிவுச் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு வழி செய்தது. அதைத் தருவது பதிவாளர் நாயகம் திணைக்களம். மேற்சொன்ன அலுவலகத்தின் இடைக்கால அறிக்கையை வைத்தும் பெறலாம். அதில் "இறந்தார்" என்ற சொல் இராது, தேடலும் நிற்காது. உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க அது போதும். காணி மட்டும் வேறு விடயம்: வாரிசுரிமை முழுமையாகக் கைமாற இறப்பு நிரூபிக்கப்பட வேண்டும். உங்களுடையது உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு பெர்மிட்டில் கொடுத்த காணியா என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும். பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் முடிவால் எவர் மீதும் குற்றப் பொறுப்போ குடியியல் பொறுப்போ வராது. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. டெல்லியின் கோப்புகளைத் திறக்க வைக்கவும் அதனால் முடியாது. இந்தியாவின் தகவல் அறியும் சட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கே. பலவந்தமாகக் காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 2007இல் கையெழுத்திட்டது, ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. இருந்தாலும் ஐ.நா.வின் காணாமலாக்கப்பட்டோர் செயற்குழுவுக்கு உடன்படிக்கை தேவையில்லை; குடும்பமே நேரடியாக எழுதலாம், கட்டணம் இல்லை. இங்கே பதிந்த இலக்கத்தையும் சத்தியக் கடதாசிகளின் பிரதிகளையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள்.