பல்கலைக்கழகம் கொடுத்த ஏஐ தளத்தைப் படிப்புக்கும் வேலைக்கும் எப்படிப் பொறுப்பாகப் பயன்படுத்துவது?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகம் மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலர்கள் எல்லோருக்கும் ஒரு ஜெனரேட்டிவ் ஏஐ (கேட்பதற்கேற்ப எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு) தளத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. பல்கலைக்கழக லாகினிலேயே உள்ளே போகலாம். தகவல் வெளியே போகாது என்றும் அறிவித்திருக்கிறார்கள். அப்படியென்றால் படிப்புக்கும் வேலைக்கும் தயங்காமல் பயன்படுத்தலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்:

பயன்படுத்தலாம், தாராளமாக. ஆனால் அந்த அறிவிப்பு நீங்கள் உள்ளே போடும் தகவலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. வெளியே வரும் பதில் சரியா என்பதற்கு அதில் உறுதி கிடையாது. அந்தப் பதிலை உங்கள் அசைன்மென்டிலோ அறிக்கையிலோ சேர்க்க அனுமதி உண்டா என்பதும் அதில் இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் நன்றாகப் படிக்கிற மாணவர்கள்கூடச் சிக்கலில் மாட்டுகிறார்கள். நான் வகுப்பு எடுப்பவன், ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுபவன். அங்கிருந்து பார்த்து எழுதுகிறேன்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த சில மாதங்களிலேயே கட்டுரை, வெளியாகாத ஆய்வுத் தரவு, அலுவலகக் கடிதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அதில் ஒட்டும் பழக்கம் வந்துவிட்டது. தடை போட்டு நிறுத்த முடியாது என்று பல பல்கலைக்கழகங்களுக்குப் புரிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் யூ-எம் ஜிபிடி என்ற சொந்தத் தளத்தைத் திறந்தது. ஹார்வர்ட் அதே ஆண்டில் ஏஐ சாண்ட்பாக்ஸ் என்ற தன் தளத்தைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்கென்றே சாட்ஜிபிடி எஜுவை அறிவித்தது. இப்படிப்பட்ட தளங்களில் பின்னால் ஓடும் மாடல், அதாவது பதிலை உருவாக்கும் ஏஐ அமைப்பு, பெரும்பாலும் பொதுச் சேவையில் இருப்பதேதான். மாறுவது ஒப்பந்தம். நீங்கள் எழுதுவதை வைத்து மாடலைப் பயிற்றுவிக்கக் கூடாது, தரவை யார் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பன போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். மாடல் அதேதான் என்பதால் அதன் குறைகளும் அப்படியே கூட வருகின்றன.

அந்த ஒப்பந்தத்துக்கும் எல்லை உண்டு. பல பல்கலைக்கழகங்கள் தகவலைத் தரம் பிரித்து வைத்திருக்கின்றன: யாரும் பார்க்கக்கூடியது, உள் பயன்பாட்டுக்கு உரியது, இரகசியமானது, கடும் கட்டுப்பாடு உள்ளது என்று. ஏஐ தளம் இதில் எந்தப் படி வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதை அதன் உதவிப் பக்கத்தில் பாருங்கள். மருத்துவக் குறிப்புகள், அடையாள எண்கள், வங்கி விவரங்கள் ஆகியவை பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கும். இணையத் தேடலையோ வேறு சேவையோடான இணைப்பையோ இயக்கினால் உங்கள் வாசகத்தில் ஒரு பகுதி இன்னொரு இடத்துக்குப் போகக்கூடும். ஒப்பந்தம் அதையும் சேர்த்துக் காக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், உரையாடல் பதிவுகள் எங்கோ சேமிக்கப்படுகின்றன. விசாரணை என்று வந்தால் நிர்வாகம் உரிய நடைமுறைப்படி அவற்றைக் கேட்டு வாங்க முடியும் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பலரும் அதை யோசிப்பதே இல்லை. ஒப்பந்தம் பல்கலைக்கழகத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில் போட்டது. உங்களிடம் நம்பிக்கையோடு ஒன்றைக் கொடுத்த மூன்றாவது ஆள் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆய்வுக்காக ஒருவரைப் பேட்டி எடுக்கிறீர்கள். ஒப்புதல் படிவத்தில் "இந்தப் பதிவை ஆய்வுக் குழுவினர் மட்டும் கேட்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேட்டியின் எழுத்து வடிவத்தைத் தளத்தில் ஏற்றிச் சுருக்கம் கேட்டால், தளம் எவ்வளவு பத்திரமானதாக இருந்தாலும் நீங்கள் கொடுத்த வாக்கை மீறியிருக்கிறீர்கள். பெயரை எடுத்துவிட்டேன் என்பது போதாது. சின்ன ஊர், அரிதான தொழில், வயது மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இனி வரப்போகும் ஆய்வென்றால் ஒப்புதல் படிவத்திலேயே ஏஐ கருவி பற்றி ஒரு வரி சேர்த்து, நெறிமுறைக் குழுவிடம் காட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். பின்னால் அனுமதி கேட்பது மிகவும் கடினம்.

மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரையும் நிதி விண்ணப்பமும் இதே கணக்குதான். விண்ணப்பங்களை மதிப்பிடுகிறவர்கள் ஜெனரேட்டிவ் ஏஐ பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜூனில் அறிவித்தது. ஆஸ்திரேலிய ஆய்வு மன்றமும் அடுத்த மாதமே அதே வழியில் போனது. இன்னொருவரின் வெளிவராத யோசனை உங்கள் கையில் இருக்கிறது, அது இரகசியமாக இருக்கும் என்று நம்பித்தான் அவர் கொடுத்தார் என்பதே இதன் அடிப்படை. நூலகம் வழியாக இறக்கிய கட்டுரைகளிலும் கவனம் தேவை. சில பதிப்பகங்களின் உரிமம் அவற்றை ஏஐ கருவிகளில் ஏற்றத் தடை போடுகிறது. நூலகரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

சரி, பதில் சரியா என்பதற்கு வருவோம். மொழி மாடல் ஒரு தொடருக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. அதனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே உறுதியான தொனியில் சொல்லும். 2023-ல் நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் அவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் மேற்கோளாகக் காட்டினார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். இதில் என்னை உலுக்கியது அபராதம் அல்ல. அது கொடுத்த தீர்ப்புகளில் ஒன்று உண்மையானதுதானா என்று அதே கருவியிடமே கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறது. ஒரு கருவியின் பதிலை அதே கருவியிடம் கேட்டுச் சரிபார்க்க முடியாது.

ஆய்வு மாணவர்களிடம் இதே தவறின் சின்ன வடிவத்தை அடிக்கடி பார்க்கிறேன். ஆசிரியர் பெயர் உண்மை, இதழ் உண்மை, கட்டுரை மட்டும் உலகத்தில் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான டிஓஐயைப் போட்டுப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். அடுத்த வகைதான் ஆபத்து: கட்டுரை இருக்கிறது, ஆனால் அதில் இருப்பதாக மாடல் சொல்லும் முடிவு அதில் இல்லை. எனவே நீங்கள் திறந்து படிக்காத எதையும் மேற்கோள் பட்டியலில் போடாதீர்கள். கணக்கு என்றால் விடையைக் கேட்காமல் கணக்கிடும் நிரலைக் கேளுங்கள். அதை வரி வரியாகப் படித்துவிட்டு, விடை முன்பே தெரிந்த ஒரு சின்னத் தரவில் ஓட்டிப் பாருங்கள்.

படிப்பைப் பற்றிப் பேசும்போது மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எனக்கு அக்கறை அதிகம். துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்து நடந்த கணிதப் பயிற்சி ஆய்வு 2025-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி கிடைத்தவர்கள், பயிற்சிக் கணக்குகளில் எதுவும் இல்லாதவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அது கிடைக்கவே கிடைக்காதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்று அவர்களுக்கே தோன்றவில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். மூன்றாவது குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த கருவி. அவர்கள் பயிற்சியில் எல்லோரையும் மிஞ்சினார்கள். தேர்விலும் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

அந்த மூன்றாவது குழுவின் கருவியை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். தளத்தில் கணக்கைப் போடுவதற்கு முன் காகிதத்தில் முயன்று பாருங்கள், பாதி வரை போனாலும் போதும். பிறகு உங்கள் படிகளை அப்படியே கொடுத்து இப்படிக் கேளுங்கள்: "விடையைச் சொல்லாதே. எந்தப் படியில் தவறினேன் என்று மட்டும் காட்டு. அதற்கு மேல் நான் கேட்டால் ஒரே ஒரு குறிப்பு கொடு." ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும், "இதில் என்னிடம் ஐந்து கேள்வி கேள், ஒவ்வொன்றாக. என் பதிலில் விட்டுப்போனதைச் சொல்" என்று தேர்வாளராக மாற்றுங்கள். ஆங்கிலப் பாடநூல் பிடிபடவில்லையென்றால் தாய்மொழியில் விளக்கம் கேளுங்கள், அதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். ஆனால் கலைச்சொற்களைப் பாடநூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் கேட்கத் தயங்கும் கேள்வியை இரவு பத்து மணிக்குப் பொறுமையாகக் கேட்க ஓர் இடம் கிடைத்திருப்பது உண்மையிலேயே பெரிய விஷயம். எத்தனையோ மாணவர்கள் இப்படி ஒன்று இல்லாமல் பின்தங்கிப் போனதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அந்த வாய்ப்பை விடை நகலெடுக்க மட்டும் பயன்படுத்துவது வருத்தமாக இருக்கிறது.

அனுமதி விஷயம் பாடத்துக்குப் பாடம் மாறும். சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டு தடமாகப் பிரித்திருக்கிறது: கண்காணிப்போடு நடப்பது ஒன்று, ஏஐ பயன்பாட்டுக்குத் திறந்திருப்பது இன்னொன்று. உங்கள் இடத்தில் இப்படித் தெளிவு இல்லாமலும் இருக்கலாம். தளம் கையில் இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. மொழிப் பாடத்தில் இலக்கணத்தைத் திருத்தச் சொன்னால் மதிப்பெண் எதற்கோ அதையே மாடல் செய்துவிடுகிறது. வேதியியல் அறிக்கையில் அதே திருத்தத்தை ஆசிரியர் கண்டுகொள்ளாமல் போகலாம். பயன்படுத்தியதை ஓரிரு வரியில் சொல்லிவிடுங்கள்: "தலைப்புகளை வரிசைப்படுத்த பல்கலைக்கழக ஏஐ தளத்தைப் பயன்படுத்தினேன். வாதமும் வாசகமும் என்னுடையவை. மேற்கோள்களை மூலத்தில் பார்த்துச் சரிபார்த்தேன்." ஆய்வுக் கட்டுரை என்றால், ஏஐயை ஆசிரியராகச் சேர்க்க நேச்சர் போன்ற இதழ்கள் 2023 தொடக்கத்திலேயே மறுத்துவிட்டன. எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதே காரணம்.

அலுவலக வேலையில் வரைவுக் கடிதம், கூட்டக் குறிப்பு, அட்டவணை எல்லாவற்றுக்கும் தளம் நன்றாக உதவும். கூட்டத்தைப் பதிவு செய்து எழுத்தாக மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். நிரலை ஒட்டும்போது பாஸ்வேர்டும் ஏபிஐ கீயும் (ஒரு சேவைக்குள் நிரல் நுழைய உதவும் இரகசியக் குறியீடு) உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மனிதரைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்: யாரைச் சேர்ப்பது, யாருக்கு எத்தனை மதிப்பெண், யாருக்கு உதவித்தொகை. 2024-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் மாணவர் சேர்க்கையிலும் கற்றலை மதிப்பிடுவதிலும் ஏஐ அமைப்புகளை அதிக அபாயம் உள்ளவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், தன் தாளை ஒரு மனிதர் படித்தார் என்று நம்ப ஒரு மாணவருக்கு உரிமை இருக்கிறது.

எழுதியதே நீங்கள்தானா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று பலர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் தன் சொந்தக் கருவியையே ஓபன்ஏஐ 2023 ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று திரும்பப் பெற்றது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேல் ஏஐ எழுதியவை என்று இத்தகைய கருவிகள் தவறாகக் குறித்ததை அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இதில் பாதிப்பு அதிகம். அதனால் திருத்த வரலாறு சேமிக்கும் எடிட்டரிலேயே எழுதுங்கள், வரைவுகளை அழிக்காதீர்கள். தளத்தில் உரையாடல்கள் சில காலம் கழித்துத் தானாக நீங்கிவிடலாம், எனவே அசைன்மென்டோடு தொடர்புள்ளவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விதி தெளிவாக இல்லாத இடத்தில், வேலையைத் தொடங்குவதற்கு முன் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "ஏஐ பயன்படுத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "நான் எழுதிய முன்னுரையை பல்கலைக்கழகத் தளத்தில் கொடுத்து, வாதத்தில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று கேட்கலாமா? வாசகத்தை நானே திருத்துவேன்" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அந்தப் பதிலை வரைவுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.