மவுத்பீஸ் நடுவுல தான் இருக்கணுமா?

அண்ணே வணக்கம். நான் திருமங்கலம் பக்கம், பேண்டு செட்டுல ட்ரம்பெட் வாசிக்க ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆகுது. முன்பல்லு ஒண்ணு லேசா தூக்கல், அதனால மவுத்பீஸ் இடது பக்கமா ஒதுங்கித்தான் உக்காருது. மாஸ்டர் நடுவுல வைடாங்கறார், வச்சா சத்தமே வரல. யூடியூப்ல ஒருத்தர் மவுத்பீஸ் மேலுதட்டுல மூணுல ரெண்டு பங்கு உக்காரணுங்கறார், இன்னொருத்தர் கீழுதட்டுலங்கறார். மாப்பிள்ளை அழைப்பு மண்டபத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள உதடு வீங்கி மேல் ஜி சுரம் வர மாட்டேங்குது. 7சி அளவு மவுத்பீஸ் வச்சிருக்கேன், 3சி வாங்கினா சரியாகுமா?

தம்பி,

யூடியூப்ல ரெண்டு பேரும் பொய் சொல்லல. மேலுதடு ரெண்டு பங்குங்கறது ஃப்ரெஞ்ச் ஹார்ன் வாசிக்கிறவங்க வழக்கம். கீழ ரெண்டு மேல ஒண்ணுன்னு கார்னெட்டுக்கு, அதாவது ட்ரம்பெட்டோட தம்பி மாதிரி இருக்கிற வாத்தியத்துக்கு, எழுதி வச்சவர் பாரிஸ் கன்சர்வேட்டரிங்கற இசைப் பள்ளி வாத்தியார் ஆர்பான், அது 1864ல. நல்ல ட்ரம்பெட்காரங்கள்ல பாதிக்குப் பாதி வைக்கிறவங்களும் உண்டு, மேல ஜாஸ்தி வைக்கிறவங்களும் உண்டு. அமெரிக்காவுல சிகாகோ சிம்பனி இசைக்குழுவுல ஃப்ரெஞ்ச் ஹார்ன் வாசிச்ச ஃபிலிப் ஃபார்க்காஸ், காத்து நேரா குழாய்க்குள்ள போகணும்னு முதல்ல எழுதினார், அப்புறம் அவரே பெரிய பெரிய ஹார்ன்காரங்க 40 பேரோட உதட்டைப் போட்டோ புடிச்சுப் பார்த்தா 39 பேருக்கு காத்து கீழ்ப்பக்கமா சாஞ்சு போகுது. 1970ல அதைப் புத்தகமாவே போட்டார். வாசிக்கிறவனுக்கே தெரியாம உதடு தன் வழியப் பார்த்துக்குது.

நாயனத்துக்கு சீவாளி தனி, சரியில்லேன்னா மாத்திக்கலாம், நமக்கு உதடுதான் சீவாளி, ஸ்பேர் கிடையாது. அது எங்க உக்காரணும்னு உன் பல்லுதான் சொல்லும். இடது பக்கம் ஒதுங்குதா, ஒதுங்கட்டும். எனக்கும் இருபது வயசுல வலது பக்கம்தான் இருந்துச்சு, ஒரு மாஸ்டர் சரியா வைகாசி முகூர்த்தம் நெருங்கும்போது நடுவுக்கு மாத்த வச்சு, அந்த சீசன் பூரா நான் ஊதுற மாதிரி நடிச்சேன், பக்கத்துல நின்ன சாக்ஸபோன் அண்ணன்தான் காப்பாத்தினார். காரணம் என்னான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, வரிசையா எல்லா ட்ரம்பெட்டும் நேரா தெரிஞ்சாத்தான் கல்யாண வீடியோல எடுப்பா இருக்குமாம்!

ஒண்ணு மட்டும் கண்ணாடில பாரு. மவுத்பீஸோட விளிம்பு மேலுதட்டோட சிவப்புச் சதை மேலயே உக்காருதான்னு. அங்க உக்காந்தா வீங்கும், அப்ப மட்டும் கொஞ்சம் மேல ஏத்து, விளிம்பு சிவப்பைத் தாண்டி மேல உள்ள தோல்ல பிடிக்கணும். வெள்ளி முலாம் உரிஞ்சு பித்தளை தெரிஞ்சாலும் உதடு எரியும்.

உன் வீக்கத்துக்கு இடத்தை விட அமுக்குறதுதான் காரணம்னு எனக்குத் தோணுது. மேல் சுரம் வரலேன்னதும் இடது கையால இழுத்து, வலது சுண்டு விரலை ட்ரம்பெட் மேல இருக்கிற கொக்கில மாட்டி இன்னும் இழுத்து, பல்லோட வச்சு நசுக்குறோம், ரத்தம் ஓடாது, உதடு அதிராது, ரெண்டு பாட்டுல முடிஞ்சிரும், அதுவும் நடந்துக்கிட்டே வாசிக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு இடி. சுண்டு விரலைக் கொக்குல இருந்து எடுத்து மேல சும்மா வை. "ம்"னு சொல்லி உதட்டை மூடு, ஓரம் ரெண்டும் இறுக்கமா இருக்கட்டும், நடு இளகியிருக்கட்டும், கன்னம் ஊதக்கூடாது. கீழ் சுரத்துக்கு நாக்கு "ஆ"ல இருக்கிற மாதிரி, மேல போகப் போக "ஈ"க்கு எழும்பணும், காத்து வேகம் பிடிக்கும், கைக்கு வேலை குறையும். தினம் அஞ்சு நிமிசம் மவுத்பீஸைக் கழட்டி, வால் நுனியை ரெண்டே விரல்ல பிடிச்சு ஊது, ரெண்டு விரல்ல அமுக்க முடியாது பாரு. அப்புறம் கீழ் ஜி நீட்டி மெதுவா ஊது, ஊதின நேரம் அளவுக்கு ஓய்வு குடு. இதை ஆடி மாசத்துல ஆரம்பி, அப்பத்தான் முகூர்த்தம் இருக்காது.

3சி வேணாம். மவுத்பீஸ் செய்யற பாக் கம்பெனி அளவுப்படி 7சி உள்வட்டம் 16.2 மில்லிமீட்டர், 3சி 16.3. இந்த வித்தியாசத்துக்கு காசு செலவழிக்காத. அந்தப் பல்லையும் யார் சொன்னாங்கன்னு சீசன் நடுவுல போய் ராவிட்டு வராத, உன் உதடு இப்ப அந்தப் பல்லை நம்பித்தான் நிக்குது.