ஹாட்ரிக் என்றால் ஒரே ஓவரில் மூன்று விக்கெட் எடுப்பதுதானா?

இல்லை. "ஓவர் முடிந்தால் கணக்கும் முடிந்தது" என்று யாரோ உங்களை அடக்கியிருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி. என்னையும் ஒருவர் அப்படித்தான் அடக்கினார். பதினாறு வருடமாகிறது; இன்னும் ஆறவில்லை.

அலுவலகங்களுக்கு இடையிலான போட்டி. என் மூன்றாவது ஓவரின் கடைசிப் பந்தில் ஒருவர் கீப்பரிடம் கேட்ச் கொடுத்தார். மறுமுனையில் வேறொருவர் ஓர் ஓவர் வீசினார். திரும்பி வந்து முதல் பந்திலேயே எல்பிடபிள்யூ. அடுத்த பந்து எழும்பவே இல்லை. தரையோடு போய் நடு ஸ்டம்பின் அடியை உரசியது. ஒரே ஒரு பெயில் மட்டும் சோம்பலாகச் சரிந்து கீப்பரின் ஷூமேல் விழுந்தது. இரு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினேன். ஸ்கோரர் காதில் செருகிய பென்சிலை எடுக்கக்கூட இல்லை. "நடுவில் ஓர் ஓவர் போய்விட்டது தம்பி, இது சேராது" என்றார். கேப்டனும் தலையாட்டினார்.

சேரும். ஒரு பந்துவீச்சாளர் ஒரே ஆட்டத்தில் தொடர்ந்து வீசும் மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தால் அது ஹாட்ரிக். நடுவில் ஓவர் மாறலாம், இன்னிங்ஸே மாறலாம். 1988இல் பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் மெர்வ் ஹியூஸ் ஓர் ஓவரின் கடைசிப் பந்தில் ஆம்ப்ரோஸை வீழ்த்தினார். தன் அடுத்த ஓவரின் முதல் பந்தில் பேட்டர்சன். மேற்கிந்தியத் தீவுகளின் இன்னிங்ஸ் அதோடு முடிந்தது. அவர்களுடைய இரண்டாம் இன்னிங்ஸில் வீசிய முதல் பந்திலேயே கிரீனிட்ஜ். மூன்று விக்கெட்டுக்கு மூன்று ஓவர்! அவருக்கு மட்டும் யாரும் பென்சிலைக் காட்டவில்லை. ரன் அவுட் சேராது என்பது வேறு விஷயம். அது பந்துவீச்சாளர் கணக்கில் வராது.

"கால்பந்தில் அப்படி இல்லையே" என்று கிளம்பி வராதீர்கள், எனக்கும் தெரியும். அங்கே ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தால் போதும். 2022 உலகக் கோப்பை இறுதியில் எம்பாப்பேயின் இரண்டாவது கோலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மெஸ்ஸி ஒன்று அடித்தார், ஆனாலும் ஹாட்ரிக்தான்.

சொல் பிறந்தது கிரிக்கெட்டில். 1858இல் ஷெஃபீல்டில் எச்.எச்.ஸ்டீபன்சன் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் விக்கெட் எடுத்ததற்காகப் பணம் திரட்டி அவருக்குத் தொப்பி வாங்கித் தந்தார்கள். இன்று தொடர்ந்து மூன்று முறை தேர்தலில் வென்றாலும் ஹாட்ரிக் என்கிறோம், இருக்கட்டும். ஆனால் 'ஹாட்ரிக் தோல்வி' என்று எழுதுகிறார்களே, தோற்றவனுக்கு எவன் தொப்பி வாங்கித் தருவான்?

எனக்கும் யாரும் வாங்கித் தரவில்லை. அன்றைய ஆட்டநாயகன் கோப்பை நாற்பது ரன் அடித்த கேப்டனுக்குப் போனது. அந்த நாற்பதையும் அவர் அடித்தது என் மட்டையால். கைப்பிடி உறை கிழிந்துதான் திரும்பி வந்தது.