மருந்து ஏற்றி வீட்டுக்கு வந்த பிறகு: புரஸ்டேட் புற்றுநோய் கேள்வி-பதில்

ஒரு காலத்தில் கீமோ ஏற்றவேண்டும் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் பிடித்து கொழும்புக்கு அருகே மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இப்போது காலையில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தை ஏற்றிக்கொண்டு, பின்னேரத் தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். 2011இல் நாட்டின் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணம் அங்கே கட்டடமாக நிற்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் மருந்து ஏறுவது வார்ட்டில். அதன் தொல்லை தலைகாட்டுவது ஐந்தாம் நாளோ எட்டாம் நாளோ, வீட்டில். அங்கே மணி அடித்தால் வர மிஸ்ஸி (தாதி) இல்லை. கீமோ வார்ட்டில் நெடுங்காலம் நின்றவள் என்பதால் அந்த நாட்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கேள்வி வருகிறது. இம்முறை எழுதியவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் டொசிடாக்செல் என்ற கீமோ மருந்து, மூன்று கிழமைக்கு ஒருமுறை.

நெடுந்தீவிலிருந்து ஒரு மகன்: "அப்பாவுக்கு இரண்டாவது மருந்து ஏற்றி ஒன்பதாம் நாள் இரவு காய்ச்சல் காய்ந்தது. பனடோல் குடுத்தோம், விட்டிட்டுது. விடிய வள்ளத்தில ஏத்திக்கொண்டு போனால், ஏன் இரவே வரேல்லை எண்டு பேச்சு விழுந்தது. காய்ச்சல் விட்டபிறகும் ஏன் பேசினவை?"

பேசியவர் பயத்தில் பேசியிருப்பார் தம்பி. அந்த மருந்து புற்றுநோய்க் கலங்களை மட்டும் தேடிப்பிடித்து அடிக்காது. எலும்பு மச்சையில் புதிதாகப் பிறக்கும் வெண்குருதிக் கலங்களையும் சேர்த்தே அடிக்கும். மருந்து ஏற்றி ஒரு கிழமையிலிருந்து பத்து நாள்வரை அவற்றின் எண்ணிக்கை ஆகக் கீழே போகும். அப்போது ஒரு கிருமி உள்ளே போனால் எதிர்த்து நிற்க ஆள் இல்லை. பல வேளை சீழ் கட்டாது, புண் சிவக்காது, இருமல்கூட இராது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் பனடோல் மறைத்துவிட்டால், உள்ளே நடப்பது நடந்துகொண்டே இருக்கும், வெளியே "விட்டிட்டுது" என்று தெரியும். சில மணித்தியாலத்தில் இரத்த அழுத்தம் விழுந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோட்டிக் ஊசி ஏறவேண்டும் என்று ஏன் ஓடுகிறோம் என்றால் இதனால்தான்.

ஆகவே முதலில் ஒரு டிஜிற்றல் தெர்மாமீற்றர் வாங்குங்கள். நெற்றியில் புறங்கை வைத்துப் பார்க்கிற கணக்கு இங்கே சரிவராது. 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4 பரனைற், வந்தால் உடனே வெளிக்கிடவேண்டும். இன்னொன்று: அப்பா பிரெட்னிசலோன் என்ற ஸ்ரீரொய்ட் குளிசையும் குடிப்பார். அது காய்ச்சலை அமத்திப்போடும். உடம்பு சுடாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் காய்ச்சல் வந்ததாகவே எடுங்கள்.

கடல் தாண்டத் தேவையில்லாதவர்களுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இருக்கிறது. உங்களுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளம் ஒரு மணித்தியாலம், அதுவும் இரவில் நினைத்தவுடன் கிடைக்காது. அதனால் நான் சொல்வது கொஞ்சம் கஷ்டமான யோசனை: ஒவ்வொரு முறையும் ஆறாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை அப்பாவை யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். கலண்டரில் அந்த நாட்களைச் சிவப்பால் கீறி வையுங்கள். அடுத்த கிளினிக்கில் "நாங்கள் தீவு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெண்குருதிக் கலத்தைக் கூட்டும் ஊசியை முன்கூட்டியே போடலாமா என்று அவர்கள் யோசிப்பார்கள். அந்த ஊசிக்கு இரண்டு மூன்று நாள் இடுப்பெலும்பு உளையும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஊசியைக் கையில் தந்துவிட்டால் ஐஸ் வைத்த ரெஜிபோம் பெட்டியில் கொண்டுபோய் பிரிட்ஜில் வைக்கவேண்டும்.

நெல்லியடியிலிருந்து ஒரு மனைவி: "என்ன சமைச்சு வைச்சாலும் தள்ளிவிடுறார். வாயில இரும்பு நக்கினமாதிரி இருக்காம். மீன்குழம்பு மணம் வந்தாலே எழும்பிப் போயிடுறார்."

உங்கள் கைப்பக்குவத்தில் பிழையில்லை அக்கா. நாக்கின் சுவையரும்பும் வேகமாகப் பிறந்து மறைகிற இனம், அதையும் மருந்து விடாது. சமைக்கும் மணமே பாதிப் பசியைக் கொல்லும். அடுப்படியில் குழம்பு தாளிக்கும் நேரம் அவரை முற்றத்து வேம்பின் கீழே கதிரை போட்டு இருத்திவிடுங்கள். சூடாகப் பரிமாறாமல் ஆறவிட்டுக் கொடுங்கள், மணம் குறையும். எவர்சில்வர் கரண்டியை ஒதுக்கிவிட்டு மரக்கரண்டியோ பிளாஸ்ரிக் கரண்டியோ, அல்லது நம்மூர் வழக்கப்படி கழுவிய கையோ. கொஞ்சம் தேசிக்காய்ப் புளி, தோடம்பழச் சாறு, இஞ்சி சேர்த்தால் இரும்புச் சுவை அடங்கும் (வாயில் புண் இருந்தால் இந்தப் புளி எல்லாம் வேண்டாம், எரியும்).

மூன்று நேரச் சோற்றுக் கணக்கை மறந்துவிடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் கொஞ்சம்: இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும், முட்டை போட்ட கஞ்சி, பயறு அவித்துத் தேங்காய்ப்பூ போட்டது. ஒடியற் கூழுக்கு ஆசைப்பட்டால் உறைப்பைக் குறைத்துப் புதிதாகக் காய்ச்சிக் கொடுக்கலாம். நேற்றைய கூழைச் சூடாக்கிக் கொடுக்க வேண்டாம். பழஞ்சோறும் இந்த மாதங்களில் வேண்டாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தாராளமாகச் சாப்பிடலாம், வீட்டில் கழுவித் தோல் சீவியது என்றால். சந்தையில் வெட்டி வைத்தது வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே கொடுங்கள்.

வாய் கொப்பளிக்க: ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணீர், கால் தேக்கரண்டி அப்பச்சோடா, அதில் பாதியளவு உப்பு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். கடையில் விற்கிற எரிகிற மவுத்வோஷ் வேண்டாம். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்துக் கொடுங்கள். ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தரம் கூடப் போனாலோ, வாய்ப்புண்ணால் தண்ணீரே இறங்காவிட்டாலோ வார்ட்டுக்குப் போன் எடுக்கவேண்டும்.

கோண்டாவிலிலிருந்து நோயாளியே எழுதுகிறார்: "நாற்பது வருசமாக நல்லூர்த் தேருக்குத் தவறினதில்லை. ஐந்து மருந்து முடிஞ்சுது. போகலாமோ?"

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன் ஐயா. ஏனென்றால் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "விரல் நுனியெல்லாம் விறைப்பு, சேட்டுப் பொத்தான் மனுசிதான் பூட்டிவிடுறா." நீங்கள் கேட்ட கேள்வியைவிட அந்த வரிதான் முக்கியம்.

டொசிடாக்செல் நரம்பு நுனிகளைத் தொடும். முதலில் காலில் பஞ்சு மிதிப்பதுபோல் இருக்கும், பிறகு ஊசி குத்தும், பிறகு ஒன்றும் தெரியாமல் போகும். மருந்து தொடரத் தொடர இது கூடும். நிறுத்தினால் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும், சிலருக்கு மிச்சம் நிற்கும். பொத்தான் பூட்ட முடியவில்லை என்பதை டொக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். "எப்படி இருக்கிறீங்கள்?" என்றால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழும்புகிற ஆட்கள் நாங்கள். "பரவாயில்லை" என்று கொப்பியில் எழுதினால் அடுத்த மருந்தும் முழு அளவில்தான் ஏறும். "பொத்தான் பூட்டேலாது, வேட்டி முடிச்சு நிக்குதில்லை" என்று சொன்னால் அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று யோசிப்பார்கள். எரிவும் வலியும் கூட இருந்தால் டுலொக்செற்றீன் என்ற குளிசை சிலருக்கு உதவும். மரத்துப்போனதை அது திருப்பித் தராது.

சரி, தேர். ஆவணி வெயிலில் வெறுங்காலோடு நல்லூர் வீதி மணலில் நிற்பீர்கள். சுட்டால் மற்றவன் காலை மாற்றி வைப்பான். உங்கள் கால் உங்களுக்குச் சொல்லாது. கொப்பளம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும், அதுவும் கிருமியை எதிர்க்க ஆள் குறைந்த காலில். பிரதட்டை (வீதியில் உருள்வது) நினைக்கவே வேண்டாம். ஆனால் திருவிழா இருபத்தைந்து நாள். மருந்து ஏற்றி மூன்றாவது கிழமை, உங்கள் இரத்தக் கணக்கு மேலே வந்திருக்கும். அந்தக் கிழமையில் ஒரு நாள் விடியப்புறம், மண் குளிர்ந்திருக்கும்போது, சனம் குறைந்த நேரத்தில், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை யாராவது ஒருவர் பார்த்துவிடவேண்டும், குதிக்காலையும் விரலிடுக்கையும். தேரை இம்முறை ரீவியில் பாருங்கள். முருகன் கோபிக்க மாட்டார் என்பது என் சொந்த அபிப்பிராயம், மருத்துவம் அல்ல.

சுன்னாகம்: "நகமெல்லாம் கறுத்து எழும்புது. கண்ணும் ஓயாமல் வடியுது."

இரண்டும் இந்த மருந்தின் வேலைதான். மருந்து ஏறும் நேரம் குளிர்க் கையுறை போட்டால் நகச் சேதம் குறைகிறது. உங்கள் வார்ட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், தோட்டத்தில் வெங்காயம் கிண்டக் கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். நகத்தடியில் சீழோ மணமோ வந்தால் காட்டவேண்டும். கண் வடிவது கண்ணீர் வடியும் குழாய் ஒடுங்குவதால் இருக்கலாம், இழுத்தடிக்காமல் கண் டொக்டரிடம் காட்டினால் நல்லது.

ரொறன்ரோவிலிருந்து ஒரு மகன், அப்பா மானிப்பாயில்: "இரண்டு மருந்துக்குப் பிறகு பி.எஸ்.ஏ. கூடியிருக்கு. மருந்து வேலை செய்யேல்லைத்தானே, நிப்பாட்டச் சொல்லவோ?"

அவசரப்படாதீர்கள். பி.எஸ்.ஏ. என்பது புரஸ்டேட் நோயின் போக்கைப் பார்க்க இரத்தத்தில் அளக்கிற ஒரு எண். மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்துக்குள் பி.எஸ்.ஏ. ஒருதரம் ஏறிப் பிறகு இறங்குவது சிலரில் நடக்கும். அதனால்தான் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முதல் பன்னிரண்டு கிழமைக்குள் தீர்ப்பு எழுதுவதில்லை. அப்பாவின் எலும்பு வலி குறைந்ததா, நித்திரை வருகிறதா, வலிக்குளிசை குறைந்ததா என்று கேளுங்கள். ஸ்கானில் புதிதாக ஏதும் தெரிந்தாலோ வலி கூடினாலோ கதை வேறு. றிப்போட்டை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு அப்பாவை எழுப்பிப் பதறாமல் இருந்தால் அதுவும் ஒரு வைத்தியம்.

ஒரு மகள்: "லண்டன் மாமா மூலிகைக் குளிசை அனுப்பியிருக்கிறார். இங்கே ஒருவர் சூரணமும் தருகிறார். சேர்த்துக் குடிக்கலாமா?"

சித்த மருத்துவத்தைப் பழிக்கிறவள் இல்லை நான். என் முழங்காலுக்கு எண்ணெய் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் டொசிடாக்செலை உடைத்து வெளியேற்றுவது ஈரல். அதே வழியால் போகிற எதுவும் கணக்கைக் குழப்பும். மனச்சோர்வுக்கென்று மேல்நாட்டில் விற்கிற சென்ற் ஜோன்ஸ் வோர்ட் மருந்தைச் சீக்கிரம் உடைத்துவிடும், மருந்து வீண். கிரேப்புரூட் எதிர்ப்பக்கம், மருந்து உடலில் தேங்கும். ஜம்போலாவும் (பம்பளிமாசு) அதே இனம், விட்டுவிடுங்கள். கறிக்குப் போடுகிற மஞ்சள் சரி, மஞ்சளைச் செறிவாக்கிய குளிசை வேண்டாம். பெயர் ஒட்டாத போத்தலில் வருகிற சூரணத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, கிளினிக் டொக்டருக்கும் தெரியாது. எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

"இரவில நித்திரை இல்லை, சீனி 300க்குப் போட்டுது."

பிரெட்னிசலோனும், மருந்துக்கு முன் தருகிற டெக்சாமெதசோன் என்ற இன்னொரு ஸ்ரீரொய்ட்டும்தான் காரணம். காலைக் குளிசையைச் சாப்பாட்டோடு விடியவே குடியுங்கள். இரண்டாவதை எத்தனை மணிவரை முன்னுக்குத் தள்ளலாம் என்று கேளுங்கள். சீனி வருத்தக் குளிசையின் அளவையும் மாற்றவேண்டி வரும், அந்தக் கிளினிக்குக்கும் அறிவியுங்கள். நித்திரை வரவில்லை என்று பிரெட்னிசலோனை நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஒரு மருமகள்: "மாமாவின் உடுப்பு நான்தான் தோய்க்கிறன். இப்ப நான் பிள்ளைத்தாச்சி. மூத்தவள் அவரின்ர மடியிலேயே கிடக்கிறாள்."

மடி பற்றிப் பயமே வேண்டாம். கட்டிப்பிடித்தால் மருந்து ஒட்டாது. பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் என்றால் மட்டும் பிரித்து வையுங்கள், பிள்ளைக்காக அல்ல, மாமாவுக்காக. மருந்து ஏற்றி முதல் 48 மணித்தியாலம் சலத்திலும் மலத்திலும் சத்தியிலும் மருந்து வெளியேறும். அந்த இரண்டு நாள் அவர் இருந்தே சலம் கழிக்கட்டும், கழிவறையில் இரண்டு தரம் தண்ணீர் அடித்துவிடட்டும். வாளியால் ஊற்றுவதென்றால் தெறிக்காமல். அழுக்கான உடுப்பை வேறு யாராவது கையுறை போட்டுத் தனியாகத் தோய்க்கட்டும். நீங்கள் தொடவேண்டாம் பிள்ளை.

ஒரு கேள்விக்கு மட்டும் இங்கே எழுதும்வரை நான் காத்திருக்கவில்லை. மூட்டுவலி எண்ணெய் பற்றிக் கேட்டு வந்த தகவல் அது. நடுவே, "நாலு நாளாக முதுகு நோ, இரவில படுக்கேலாது, கால் தள்ளாடுது, சலமும் சரியாப் போகுதில்லை" என்றிருந்தது. வாசித்த நிமிடமே போன் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இது கீமோவின் பக்கவிளைவு இல்லை. நோய் முள்ளந்தண்டுக்குப் பரவி உள்ளே போகிற நரம்புத் தண்டை நசுக்குவதாக இருக்கலாம். உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, ஸ்ரீரொய்ட்டும் கதிர்ச்சிகிச்சையும் கொடுத்தால் கால் தப்பும். நடக்கக்கூடியவராக வந்தவரை நடக்கவைக்கலாம். கால் முற்றாக விழுந்து ஒரு நாள் இரண்டு நாள் போய் வந்தவரைப் பெரும்பாலும் முடியாது.

பெயர் ஊர் வேண்டாம் என்று கேட்டவர்: "74 வயது. நாலு மருந்து முடிஞ்சுது. கட்டிலும் கதிரையுமாய் இருக்கிறன். போதும் எண்டு சொன்னால் தப்போ?"

தப்பில்லை ஐயா. 2004இல் வெளியான பெரிய ஆய்வில் இந்த மருந்து அதற்கு முன்பிருந்த மருந்தைவிட நடுக்கணக்கில் இரண்டு மாதத்துக்குச் சற்று மேலான ஆயுளைக் கூட்டியது. பலரின் வலியையும் குறைத்தது. அந்த இரண்டு மாதத்தைக் கட்டிலில் கழிப்பதா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் "எல்லாம்", "ஒன்றும் வேண்டாம்" என்று இரண்டு கதவு மட்டும் இல்லை. உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 75 மில்லிகிராம் என்ற அளவை 60க்குக் குறைக்கலாம். மூன்று கிழமைக்கு ஒருமுறைக்குப் பதில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை குறைந்த அளவில் ஏற்றுகிற முறையும் உண்டு. இரத்தம் குறைந்திருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் களைப்பில் ஒரு பங்கு அங்கேயே தீரலாம். ஒரு மாதம் இடைவெளி விட்டும் பார்க்கலாம். இத்தனைக்கும் பிறகு போதும் என்றால் போதும். வலிக்கும் சத்திக்கும் மருந்து அப்போதும் தொடரும், கிளினிக் கதவு மூடாது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். முதலில் பக்கத்தில் இருக்கிற உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். அவ இதற்குள் ஊகித்திருப்பா, நீங்கள் வாய் திறக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பா.