50 கொலுசில் 3 பழுது: லாட் முழுக்கக் கூலியைக் குறைக்கலாமா?

கேள்வி: சேலம் பனங்காட்டில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். நூறு கொலுசில் இரண்டு, பற்ற வைத்த இடத்தில் விட்டுப்போவது வழக்கம்தான். போன லாட்டில் தரகர் 50 எடுத்து இழுத்துப் பார்த்ததில் 3 விட்டுவிட்டது. "வேலை கெட்டுப்போச்சு" என்று லாட் முழுக்கக் கூலியைக் குறைக்கிறார். இது நியாயமா?

பதில்: இந்த மூன்றை மட்டும் வைத்து வேலை கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

நூற்றுக்கு இரண்டு என்றால் ஐம்பதுக்கு ஒன்றுதானே என்பது தரகரின் கணக்கு. சராசரி ஒன்றுதான். அதற்காக ஒவ்வொரு ஐம்பதிலும் ஒழுங்காக ஒன்று வந்து உட்காராது. கால்குலேட்டரை எடுங்கள். ஒரு கொலுசு நன்றாக இருக்க வாய்ப்பு 0.98. ஐம்பதும் நன்றாக இருக்க, 0.98-ஐ ஐம்பது முறை பெருக்க வேண்டும், 0.364 வரும். ஒன்று மட்டும் பழுதாக இருக்க 0.372. இரண்டு பழுதாக இருக்க 0.186. மூன்றையும் கூட்டினால் 0.922. மிச்சமுள்ள 0.078தான் மூன்றோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு. அதாவது உங்கள் வேலை பழையபடியே இருந்தாலும் நூறு லாட்டில் எட்டு லாட் இப்படி மாட்டும். வருடத்துக்கு 20 லாட் அனுப்பினால், ஒரு தடவையாவது இப்படி நடக்க 80 சதவீத வாய்ப்பு. அந்த ஒரு தடவைக்காகத்தான் தரகர் காத்திருக்கிறார்.

இதற்குப் பெயர் ஈருறுப்புப் பரவல். பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் 1837-இல் வெளியிட்ட வழியில், சராசரி 1 என்பதை மட்டும் வைத்துப் போட்டால் 0.080 வருகிறது, ஏறக்குறைய அதேதான். இரண்டுமே பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் இருக்கின்றன. நாணயத்தையும் பகடையையும் உருட்டியே அதைச் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறோம். பட்டறைக்காரர் பிள்ளை தேர்வில் முழு மதிப்பெண் வாங்குகிறது, அப்பா தரகரிடம் கூலியை விடுகிறார். என்ன பாடத்திட்டமோ!

அவர் எப்படி எடுத்தார் என்று கவனித்தீர்களா? முதலில் 50 எடுத்து, பழுது போதவில்லை என்றதும் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று நூறு வரை போயிருந்தால், மூன்று அகப்படும் வாய்ப்பு 8 சதவீதத்திலிருந்து 32-க்கு ஏறிவிடும். மூன்று கிடைக்கும்வரை எடுப்பதற்குச் சோதனை என்று பெயர் கிடையாது. ஜோடியா ஒற்றையா என்பதையும் கேளுங்கள். உங்கள் இரண்டு சதவீதம் ஒற்றைக் கொலுசுக்கு; அவர் எடுத்தது 50 ஜோடி என்றால் அது 100 கொலுசு, மூன்று வருவது அதிசயமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பற்று மெலிந்ததாகப் பொறுக்கி எடுத்திருந்தால் இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது.

ஓர் இடத்தில் மட்டும் தரகர் பக்கமும் நியாயம் இருக்கலாம். இந்தக் கணக்கு, ஒரு கொலுசின் பழுதுக்கும் அடுத்ததன் பழுதுக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துப் போட்டது. பட்டறையில் எப்போதும் அப்படி இருக்காது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு நாள் முழுக்கப் பற்ற வைத்திருப்பான். அன்றைக்குச் சூடு போதாமல் இருந்திருக்கும். அவன் கைப்பட்டதெல்லாம் ஒரே பொட்டலத்தில் போயிருக்கும். அப்போது பழுது கொத்தாக வரும். அதனால் அந்த மூன்றையும் வாங்கி, ஒரே ஆள் வேலையா, விட்டது ஒரே கண்ணியிலா என்று பாருங்கள். மூன்றும் ஒருவருடையது என்றால் அவர் செய்த மற்றதையும் இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மூன்று பேருடையது, மூன்று வெவ்வேறு இடம் என்றால் கவலையை விடுங்கள்.

அடுத்த லாட்டுக்கு முன்பே பேசி, சீட்டில் எழுதி வாங்குங்கள்: எடுப்பது 50 ஒற்றை, பார்க்காமல் கலந்து எடுப்பது, 3 வரை லாட் செல்லும், 4 வந்தால் திரும்பும். நான்கோ அதற்கு மேலோ தற்செயலாக வர வாய்ப்பு 1.8 சதவீதம்தான். இப்போதைய லாட்டில் விட்டுப்போன மூன்றையும் பற்ற வைத்துக் கொடுங்கள். மற்றதற்குக் கூலியைக் குறைக்கச் சம்மதிக்க வேண்டாம். அவர் ஒப்பவில்லை என்றால், இருவர் முன்னிலையில் புதிதாக ஐம்பது எடுக்கச் சொல்லுங்கள், அதே விதிப்படி.