பழைய வரைபடம் வாங்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

கே: பிரெஞ்சு வரைபடக் கலைஞர் பெலேன் வரைந்த கனடா ஏரிகள் வரைபடம், 1744, அசல் என்று ஒரு வியாபாரி காட்டுகிறார். கையில் வாங்கியதும் எதைப் பார்ப்பது? (வாசகர், திருச்சி)

ப: முதலில் மடிப்பைத் தேடுங்கள். சுவரில் மாட்டுவதற்கென்று அச்சான படமல்ல இது. ஷார்லவுவா பாதிரியார் எழுதிய 'புதிய பிரான்ஸ்' (வட அமெரிக்காவில் அன்றிருந்த பிரெஞ்சுக் குடியேற்றம்) வரலாற்று நூலுக்குள் மடித்துச் சேர்த்துத் தைத்தது. சுமார் 45 செ.மீ. அகலப் படம் மடிக்காமல் அந்தப் புத்தகத்துக்குள் அடங்காது. முன்பக்கம் நீவி விட்டிருந்தாலும் பின்பக்கத்தில் மடிப்புத் தடம் தெரியும். தடமே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். அன்றைய தாள் கம்பிச் சல்லடையில் கையால் வார்த்தது. ஏறத்தாழ 25 மி.மீ. இடைவெளியில் கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிய வேண்டும். கோடே இல்லாத சீரான தாள் என்றால் 1744 ஆக இருக்க வழியில்லை. அத்தகைய தாள் ஐரோப்பிய நூல்களில் 1750களின் பிற்பகுதியில்தான் தலைகாட்டியது, பிரான்சில் இன்னும் தாமதமாக.

பிறகு டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். ஈரத் தாளைச் செப்புத் தகட்டோடு உருளையில் நெரித்து அச்சடித்ததால், படத்தின் கட்டத்துக்கு வெளியே சுற்றிலும் பள்ளம் ஓடும். ஓரம் நறுக்கிய அசலில் இது போயிருக்கலாம். நகலிலும் பள்ளம் போட ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் இதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: செதுக்கிய கோட்டின் முனை ஊசிபோல் ஒல்லியாகும், மை தாளின் மேல் இம்மியளவு புடைத்து நிற்கும். புள்ளி புள்ளியாகச் சிதறினால் ஆஃப்செட் நகல்.

கே: அதே படத்தில் சுப்பீரியர் ஏரிக்குள் இன்று இல்லாத பெரிய தீவுகள் உள்ளன. பிழையான பிரதியா? (வாசகி, புதுச்சேரி)

ப: இல்லை. அந்தத் தீவுகள் இல்லாவிட்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்! ஃபெலிப்போ, பொன்ஷார்த்ரேன், மொர்பா என்ற தீவுப் பெயர்கள், அன்றைய பிரெஞ்சுக் கடற்படை அமைச்சரான மொர்பா பிரபுவின் குடும்பப் பெயரும் பட்டங்களும்தான். இந்தக் கற்பனைத் தீவுகள் பிற வரைபடங்களுக்கும் தொற்றின. அமெரிக்க விடுதலைப் போரை முடித்த 1783 பாரிஸ் உடன்படிக்கை அமெரிக்க எல்லையை ஃபெலிப்போ தீவுக்கு வடக்கே போகச் சொன்னது. சேகரிப்பவர்கள் இந்தப் படத்தைத் தேடுவதே இந்தத் தீவுகளுக்காகத்தான்.

கே: வண்ணம் தீட்டிய பிரதிக்கு இரட்டை விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

ப: வேண்டாம். இந்த நூலின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு மையோடு மட்டும் வெளிவந்தவை. வண்ணம் பிற்காலத்தில், சில சமயம் போன மாதம், பூசியதாக இருக்கும். பச்சையைத் திருப்பிப் பாருங்கள். பழைய செம்புப் பச்சை தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பாகக் கசியும்; புதுப் பச்சை அப்படிச் செய்யாது.

இன்னொன்று: பெலேன் படத்தில் தலைப்பு பிரெஞ்சிலும் டச்சிலும் இருந்தால் அது பெரும்பாலும் பிரெஞ்சு எழுத்தாளர் பிரெவோவின் பயண வரலாற்று நூலின் ஹேக் (நெதர்லாந்து) பதிப்பிலிருந்து வந்தது. அதுவும் 18ஆம் நூற்றாண்டுதான், ஆனால் 1744 பாரிஸ் அச்சின் விலைக்கு வாங்காதீர்கள்.

கே: ஃபிரேம் போட்டு மாட்டலாமா? (வாசகி, நாகப்பட்டினம்)

ப: மாட்டலாம், ஆனால் லேமினேஷன், செல்லோடேப், ஃபெவிகால் மூன்றும் கூடாது. டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும், பிறகு முழுதாக எடுக்க முடியாது. மேல் விளிம்பில் மட்டும், ஜப்பானியத் தாளில் (மெல்லிய, ஆனால் உறுதியான தாள்) வெட்டிய இரண்டு சிறு பட்டைகளைக் கீல்போல் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்க விடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமின்றி அலை அலையாகும். அமிலமற்ற அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். உங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு, வெளிச்சுவரை விட்டு உள்சுவரில் மாட்டுங்கள்.